ஐந்தில் ஒரு கோல், நாலில் ஒரு கோல்

எனக்குக் கணக்கு வரும். இதை நானே சொல்லிக்கொள்வது நன்றாக இல்லைதான். ஆனால் எங்கள் தெருவின் முப்பத்திரண்டு வீட்டிலும் அன்றைக்கு எட்டாம் வகுப்பு வரை படித்தவன் நான் ஒருவன். பெயர் இளையபெருமாள். விவசாயத் தொழிலாளர் சங்கத்தின் கிளைச் செயலாளர். மனு எழுதுவது, கூலி நெல் அளக்கும்போது மரக்காலைத் தட்டிப் பார்ப்பது, ரேஷன் கடைக்காரனோடு மல்லுக்கு நிற்பது எல்லாம் என் தலையில்தான். நான் எழுதிய காகிதத்தை ஒருவன் இரண்டாம் முறை படித்தாலே எனக்குக் கோபம் வரும். படித்துவிட்டுச் சந்தேகமும் கேட்டால் வேட்டியை மடித்துக் கட்டிவிடுவேன். அப்படிப்பட்டவன் ஒரு சின்னப் பின்னத்தில் வழுக்கி விழுந்த கதை இது. விழுந்தவன் நான், அடிபட்டவள் தங்கம்மாள்.

எழுபத்திரண்டில் துரைராசு பண்ணையின் உபரி நிலத்திலிருந்து நாலு ஏக்கர் எங்கள் தெருவுக்கு வந்தது. சட்டம் போட்டது கழக ஆட்சி. ஆனால் அதற்கு முன்னால் நிலத்தில் இறங்கி, தடியடி பட்டு, லாரியில் ஏறி ஜெயிலுக்குப் போனது நாங்கள். ஐயாவு, நான், இராஜாங்கம், அம்சம் என்று நாலு பேருக்கு ஆளுக்கு ஒரு ஏக்கர் பட்டா. ஐந்தாவதாக இருந்திருக்க வேண்டிய பெயர் சாமிதுரை. பட்டியல் எழுதிய மாதத்தில் அவன் திருச்சி ஜெயிலில் இருந்தான். முன்னால் கொடி பிடித்துப் போனவனுக்கு நிலம் இல்லை, அவன் முதுகுக்குப் பின்னால் நின்ற எனக்குப் பட்டா. வெளியே வந்த நாலாம் மாதம் காமாலையில் செத்துப்போனான். தங்கம்மாள் அவன் மனைவி. அப்போது அவள் கையில் வேம்பு என்று மூன்று வயதுப் பெண் குழந்தை.

காரியம் முடிந்த மறுநாள் நாலு பட்டாக்காரர்களும் மாரியம்மன் கோயில் அரசமரத்தடியில் உட்கார்ந்தோம். ஐயாவுதான் ஆரம்பித்தார். அவர் எங்களில் மூத்தவர், அதிகம் பேசமாட்டார்.

"நாம ஆளுக்குக் கொஞ்சம் ஒதுங்குனா அஞ்சாவதா ஒரு ஆளு நிக்க எடமிருக்காதா?"

"நாம நாலு பேரு. நாலுல ஒண்ணு குடுத்துருவோம்" என்றான் இராஜாங்கம்.

நான் அவனை ஒரு அதட்டு அதட்டினேன். நாலில் ஒன்று என்றால் ஆளுக்கு இருபத்தைந்து சென்ட். அவளுக்கு நூறு சென்ட் சேர்ந்துவிடும், நமக்கு எழுபத்தைந்துதான் நிற்கும். கொடுக்கிறவன் நாலு பேர் என்பதல்ல, நிற்கப்போகிறவர் ஐந்து பேர் என்பதுதான் கணக்கு. ஐந்தில் ஒன்று கொடு. ஆளுக்கு இருபது சென்ட் போகும், ஐந்து பேருக்கும் எண்பது எண்பது நிற்கும். மண்ணில் போட்டுக் காட்டினேன். "யப்பா" என்று வாயைப் பிளந்தான் இராஜாங்கம். அந்த வாய் பிளப்பு எனக்கு ஆறு வருஷத்துக்குப் போதுமானதாக இருந்தது.

சர்வேயர் எங்களுக்கு அளந்து கொடுத்தது ரெண்டு ரெண்டாக நாலு கட்டம். அதில் மூலையை வெட்டிக் கொடுத்தால் தங்கம்மாளுக்குத் தண்ணீர் பாயாது. எங்கள் பக்கத்தில் ஒரு வயலுக்கு மேலே வாய்க்கால் வேண்டும், கீழே வடிகால் வேண்டும். ரெண்டும் இல்லாவிட்டால் அது வயல் இல்லை, சண்டை. அதனால் பழைய வரப்புகளை எல்லாம் வெட்டித் தள்ளிவிட்டு, வாய்க்காலிலிருந்து வடிகால் வரைக்கும் ஓடுகிற மாதிரி ஐந்து நீளப் பட்டைகளாகப் போட்டோம். பன்னிரண்டடி மூங்கில் கோல் ஒன்று ஐயாவு வீட்டில் இருந்தது. தெற்கு எல்லைக்கல்லிலிருந்து கோலைப் போட்டுக்கொண்டே போனோம். ஒவ்வொரு பட்டையும் நாலு கோல் அகலம். முதல் பட்டை ஐயாவுக்கு, அடுத்தது எனக்கு, பிறகு இராஜாங்கம், பிறகு அம்சம், கடைசியில் வடக்கோரம் தங்கம்மாளுக்கு. அவள் வரப்புக்கு அந்தப் பக்கம் துரைராசுவின் வயல். அந்தப் பக்கத்து எல்லைக்கல் அடுத்த வருஷமே காணாமல் போனது. டிராக்டர் பட்டுவிட்டது என்றார்கள். எங்கள் ஊர் டிராக்டருக்குக் கல் எது, கட்டி எது என்று நன்றாகத் தெரியும்.

ஆறு வருஷம் தங்கம்மாள் அந்த எண்பது சென்ட்டில் பாடுபட்டாள். வரப்பைச் செதுக்கிச் சேறு பூசும் அண்டை வெட்டு வேலையை ஆம்பளை வேலை என்பார்கள். ஆள் வைக்க அவளிடம் வசதி இல்லை, மண்வெட்டியை அவளே எடுத்தாள். அவள் வெட்டின வரப்பில் நண்டு வளை இருக்காது.

எழுபத்தெட்டில் ஆட்சி மாறியிருந்தது. சுவரில் போட்டோ மாறியதே தவிர தாலுக்கா ஆபீசில் நாற்காலிகள் அதேதான். துரைராசுவின் உபரியில் வடக்குவெளியில் இன்னும் ஒரு ஏக்கர் மிச்சம் இருந்தது. நிலமில்லாத விதவைக்கு முன்னுரிமை என்று ஒரு உத்தரவு வந்ததும் தங்கம்மாள் பெயரில் மனுப் போட்டேன். விசாரணைக்கு வந்த ரெவின்யூ இன்ஸ்பெக்டர் நல்ல மனுஷர். அவர் சொன்னார்:

"அந்தம்மா உங்க நிலத்துல பயிர் வைக்கிறாங்கன்னு பண்ணைத் தரப்புல ஆட்சேபணை வந்திருக்கு. அவங்க கையில நிலம் எதுவும் இல்லைன்னு நீங்க நாலு பேரும் எழுதிக் குடுங்க. ஜமாபந்திக்கு முன்னாடி வரப்பையும் மாத்திப் போட்டுருங்க. வெள்ளிக்கிழமை உத்தரவு ஆயிடும்."

ஜமாபந்தி என்றால் வருஷத்துக்கு ஒரு தடவை தாலுக்கா ஆபீசில் பெரிய அதிகாரி உட்கார்ந்து ஊர் ஊராக நிலக் கணக்கைத் தீர்க்கிற நாள். அன்றைக்கு முடியாதது அடுத்த வருஷம். அடுத்த வருஷம் வரைக்கும் அந்த ஒரு ஏக்கர் துரைராசுவின் கையிலேயே கிடக்கும். அதற்குள் அவர் கோர்ட்டுக்குப் போய் ஒரு தடை வாங்கிவிடுவார் என்பது எங்கள் ஊர் எருமைக்குக்கூடத் தெரியும். ஆகவே தங்கம்மாளுக்கு இந்த வெள்ளிக்கிழமையை விட்டால் வேறு நாள் இல்லை.

திங்கட்கிழமை நான் எழுதினேன். "மேற்படி தங்கம்மாளுக்கு நாங்கள் நால்வரும் எங்கள் பங்கில் ஐந்தில் ஒன்று விட்டுக்கொடுத்திருந்தோம். தற்போது நாங்கள் அனுபவித்துவரும் நிலத்தோடு அதில் ஐந்தில் ஒன்றைக் கூட்டி எங்கள் நிலத்தை முழுமையாகத் திரும்பப் பெற்றுக்கொண்டோம்." படித்துக் காட்டினேன். ரெண்டு பேர் கையெழுத்து, ரெண்டு பேர் கைநாட்டு. ஐந்தில் ஒன்று போனது, ஐந்தில் ஒன்று வருகிறது. இதில் சரிபார்க்க என்ன இருக்கிறது? இன்ஸ்பெக்டரிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, குடவாசல் கடைத்தெருவில் ஒரு டீ குடித்துவிட்டு வந்தேன்.

புதன்கிழமை காலை வரப்பு மாற்ற இறங்கினோம். தெருவே வந்து நின்றது. கோடை, வயல் வெடித்துக் கிடந்தது. ஐயாவு கோலை எடுத்து வந்தார். நான் அதைக் கரையில் வைக்கச் சொன்னேன். கோலைப் புரட்டிப் புரட்டிப் போட்டு அளப்பது படிக்காதவன் வேலை. நான் கயிற்றில் கணக்குப் போட்டு வந்திருந்தேன். இப்போது இருக்கும் அகலம் நாலு கோல், நாற்பத்தெட்டு அடி. அதில் ஐந்தில் ஒன்று ஒன்பதரை அடி சொச்சம். ரெண்டையும் சேர்த்து ஐம்பத்தேழரை அடிச் சொச்சத்துக்குத் தேங்காய் நார்க் கயிற்றை அறுத்து முடிச்சுப் போட்டிருந்தேன். ஒரு கயிறு ஒரு ஏக்கர்.

தெற்குக் கல்லிலிருந்து கயிற்றைப் பிடித்தோம். ஐயாவுக்கு ஒரு கயிறு, எனக்கு ஒரு கயிறு, இராஜாங்கத்துக்கு ஒரு கயிறு, அம்சத்துக்கு ஒரு கயிறு. முளை அடித்தாயிற்று. நிமிர்ந்து பார்த்தால், கடைசி முளைக்கும் தங்கம்மாளின் வடக்கு வரப்புக்கும் நடுவில் ஒன்பதரை அடி அகலத்துக்கு ஒரு பட்டை நிலம் வாய்க்காலிலிருந்து வடிகால் வரை சும்மா கிடக்கிறது.

நாலு பேருக்கும் முழு நிலம் வந்தாயிற்று. இது யாருடையது? வயல் குட்டி போடுமா?

துரைராசுவின் காரியக்காரர் பஞ்சநதம் அதுவரைக்கும் வாய்க்கால் கரையில் சைக்கிளைச் சாய்த்துக்கொண்டு வேடிக்கை பார்த்தவர், இறங்கி வந்தார். பட்டையைக் காலால் அளந்தார். சிரித்தார்.

"என்னய்யா இளையபெருமாளு, ஒன் கணக்குப்படி ஒங்களுக்கு நாலு ஏக்கரும் வந்துருச்சு. அப்ப இது எங்க நெலம். வருசா வருசம் அண்டை வெட்டுறேன் அண்டை வெட்டுறேன்னு ஒரு சாண் ஒரு சாணா வரப்ப எங்க பக்கம் தள்ளிக்கிட்டு வந்திருக்கா தங்கம்மா. அதான் கல்லையும் காணும்."

இந்த இடத்தில் நான் என்ன செய்திருக்க வேண்டும்? "வாயை மூடுங்க காரியக்காரரே" என்று சொல்லியிருக்க வேண்டும். கோலை எடுத்து இன்னொரு தடவை அளந்திருக்க வேண்டும். ஒன்றும் முடியாவிட்டால் பேசாமலாவது நின்றிருக்க வேண்டும். என் மூளை அப்போது ஒரே ஒரு வேலைதான் செய்தது. கயிறு தப்பாக இருக்க முடியாது, ஏனென்றால் அறுத்தவன் நான். கயிறு சரி என்றால் நிலம் கூடியிருக்கிறது. நிலம் தானாகக் கூடாது. நான் திரும்பி, தெரு மொத்தமும் நிற்க, தங்கம்மாளைப் பார்த்துக் கேட்டேன்.

"வரப்பத் தள்ளுனியா?"

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு அம்சத்தைப் பார்த்தாள், அம்சம் முளையைப் பார்த்தாள். கரையில் யாரோ "அதானே" என்று முனகினார்கள். தங்கம்மாள் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள். சாயங்காலத்துக்குள் பஞ்சநதம் டைப் அடித்த மனு ஒன்று தாலுக்கா ஆபீசுக்குப் போய்விட்டது. ஒன்பதரை அடி ஆக்கிரமிப்பு, செய்தவள் தங்கம்மாள், அவர்கள் ஆளே அளந்து உறுதி செய்தது. ஆக்கிரமித்தவளுக்குப் பட்டா கிடையாது.

வியாழக்கிழமை விடிந்ததும் அவள் ஐயாவு வீட்டு வாசலில் நின்றாள் என்று சொன்னார்கள். கோலைக் கேட்டு வாங்கிக்கொண்டு வயலுக்குப் போனாள். அம்சத்தைக் கூப்பிட்டாள், ஐயாவுவைக் கூப்பிட்டாள், என்னைக் கூப்பிடவில்லை. நானாகப் போய்க் கரையில் நின்றேன். கல்லிலிருந்து கோலைப் போட்டாள். கோல் விழுந்த இடத்தில் அம்சம் குச்சி குத்தினாள். ஒண்ணு, ரெண்டு என்று தங்கம்மாள் சத்தமாக எண்ணிக்கொண்டே போனாள். இருபதாவது கோலின் நுனி வடக்கு வரப்பின் அடியில் போய் முட்டியது. ஒரு விரல் கூடவும் இல்லை, ஒரு விரல் குறையவும் இல்லை.

"அன்னிக்கு அஞ்சு பேருக்கும் நாலு நாலு கோலு போட்டீங்க. மொத்தம் எத்தன?" என்று ஐயாவுவைக் கேட்டாள்.

"இருவது."

"இன்னிக்கு எத்தன?"

"இருவதுதாம்மா."

கோலை வரப்பில் சாய்த்து வைத்துவிட்டு, என்னைத் தாண்டிக்கொண்டு போனாள். திட்டியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

நான் வயலில் தனியாக உட்கார்ந்தேன். வரப்பு நகரவில்லை. அப்படியானால் நகர்ந்தது என் கயிறு. எப்படி? விரலால் புழுதியில் எழுதினேன். நூறு சென்ட் இருந்தது. இருபது போனது. எண்பது நின்றது. இருபது வந்தால் நூறு. இதில் குழப்பமே இல்லை. போனது இருபது, வந்தது இருபது, ரெண்டும் ஒன்றை ஒன்று தின்று சுழியாகிவிடும். ஆனால் நான் இருபதைத் திருப்பவில்லையே, ஐந்தில் ஒன்றையல்லவா திருப்பினேன்? எண்பதில் ஐந்தில் ஒன்று எவ்வளவு? பதினாறு. எழுதிவிட்டு அந்தப் பதினாறையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆளுக்கு நாலு சென்ட் குறைகிறது. நாலு பேருக்குப் பதினாறு சென்ட். அதுதான் அந்தச் சும்மா கிடந்த பட்டை.

பிறகு கோலை எடுத்துப் பக்கத்தில் போட்டேன். இருபது கோலை நாலு பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு ஐந்து கோல். அந்த ஐந்தில் ஒரு கோல் கொடுத்தோம். அப்போது அதற்குப் பெயர் ஐந்தில் ஒன்று. கொடுத்துவிட்ட பிறகு நான் நிற்பது நாலு கோலில். அதே கோல் திரும்பி வருகிறது. அதே மூங்கில், அதே பன்னிரண்டடி. ஆனால் நாலு கோலில் நிற்கிறவனுக்கு அது நாலில் ஒன்று. கோல் மாறவில்லை. நான் நிற்கிற இடம் குறைந்துபோனதால் அதன் பெயர் மாறிவிட்டது. ஐந்தில் ஒன்று இழந்தவன் பழையபடி ஆக நாலில் ஒன்று வேண்டும். பாதியை இழந்தவனுக்கோ இருப்பதில் பாதி போதாது, இருப்பது அத்தனையும் மறுபடி ஒரு மடங்கு வேண்டும்.

ஏழெட்டு வருஷம் கழித்து என் மகள் தங்கமணி பாடப்புத்தகத்தை வைத்துக்கொண்டு கத்திப் படிப்பாள். "ஓர் எண்ணுடன் எதைக் கூட்டினால் பூச்சியம் வருமோ அது அதன் கூட்டல் எதிர்மறை. ஓர் எண்ணை எதனால் பெருக்கினால் ஒன்று வருமோ அது அதன் பெருக்கல் நேர்மாறு." நான்கின் கீழ் ஐந்துக்கு ஐந்தின் கீழ் நான்கு, தலைகீழாகத் திருப்பிப் போடு, அவ்வளவுதான் என்பாள். அவ்வளவுதான்! ரெண்டு வரி. முதல் வரியின் மருந்தை ரெண்டாம் வரியின் நோய்க்குக் கொடுத்தவன் நான். அந்த ரெண்டு வரிக்கு நடுவில்தான் ஒன்பதரை அடி நிலம் கிடந்தது. புத்தகம் என் வாசலுக்கு வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை தாலுக்கா ஆபீஸ் பந்தலில் எங்கள் ஊர் முறை வந்தபோது மணி பன்னிரண்டு இருக்கும். அதிகாரி என் கடிதத்தையும் பஞ்சநதத்தின் மனுவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தார். தங்கம்மாள் பத்தடி தள்ளி வேம்புவைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். வேம்புவுக்கு அப்போது ஒன்பது வயது. நான் புதிதாக ஒரு கடிதம் எழுதிக்கொண்டு போயிருந்தேன், நாலில் ஒன்று என்று திருத்தி.

"திங்கட்கிழமை அஞ்சுல ஒண்ணு. இன்னிக்கு நாலுல ஒண்ணு. என்னய்யா வெளையாட்டா இது?" என்றார் அதிகாரி.

பஞ்சநதம் விடுவாரா? "குடுக்கும்போது சின்னப் பங்கு, வாங்கும்போது பெரிய பங்குங்க. ஆக்கிரமிப்ப மறைக்கத்தான் இப்படி மாத்தி மாத்தி எழுதுறான்."

கேட்கிறவர் காதுக்கு அது நியாயமாகத்தான் இருந்தது. எனக்கே புதன்கிழமை அப்படித்தானே இருந்தது. மேசைமேல் ரப்பர் முத்திரைகள் வரிசையாக நின்றன. "ஒரு கணக்குக் காட்ட உத்தரவு குடுங்க, ஐயா" என்று கேட்டு, ஐந்து முத்திரைகளை அவர் முன்னால் நிறுத்தினேன். ஒன்றை எடுத்துக் கையில் மூடிக்கொண்டேன்.

"அஞ்சுல ஒண்ணு போயிருச்சு. மேசையில எத்தனைங்க?"

"நாலு."

"இப்ப அதையே திரும்ப வக்கிறேன். நாலு இருக்கற எடத்துல ஒண்ணு வருது. இது நாலுக்கு ஒண்ணா, அஞ்சுக்கு ஒண்ணா?"

அதிகாரி முத்திரைகளைப் பார்த்தார். அவரே ஒன்றை எடுத்தார், திரும்ப வைத்தார், மறுபடி எடுத்தார். அவர் முகத்தில் லேசாக ஒரு சிரிப்பு வந்தது. பிறகு சிரிப்பை மடித்து வைத்துவிட்டுக் கேட்டார்:

"சரி. அப்ப அந்த ஒம்பதரை அடி எங்கேருந்து வந்துச்சு? அந்தம்மா வரப்பத் தள்ளுனாங்களா, இல்லையா?"

பந்தலில் நாலைந்து ஊர் ஜனம். எங்கள் தெருவிலிருந்து பத்துப் பேர். பஞ்சநதம் என் வாயையே பார்த்தார். நான் ஜெயிலுக்குப் போயிருக்கிறேன், போலீஸ்காரன் பூட்ஸ் காலை முதுகில் வாங்கியிருக்கிறேன். அதெல்லாம் இந்த ஒரு பதிலைவிடச் சுலபமாக இருந்தது.

"தள்ளலைங்க. என் கணக்கு தப்பு. கயித்த நான் தப்பா அறுத்துட்டேன். அவங்க வரப்பு ஒரு வெரல்கூட நகரலை. இருவது கோலு அன்னிக்கும், இருவது கோலு இன்னிக்கும். இன்ஸ்பெக்டர் வந்து அளந்துக்கலாம்."

இன்ஸ்பெக்டர் அங்கேயே எழுந்து, பதிவேட்டின்படி நாலு ஏக்கருக்கு அகலம் இருநூற்று நாற்பது அடி, அதாவது இருபது கோல் என்று வாசித்தார். பஞ்சநதத்தின் மனு தள்ளுபடி. தங்கம்மாளுக்கு வடக்குவெளியில் ஒரு ஏக்கர். அவள் கைநாட்டு வைக்கும்போது வேம்பு அம்மாவின் விரலை மைப்பெட்டியில் அழுத்திக் கொடுத்தாள்.

பஸ்ஸுக்காக நிற்கும்போது நான் பக்கத்தில் போனேன்.

"தங்கம்மா, தெரியாம கேட்டுட்டேன். மனசுல வச்சுக்காத."

அவள் கோபமாகப் பேசவில்லை. மெதுவாகத்தான் சொன்னாள்.

"ஒரு வார்த்தையில கேட்டீங்க. ஒரு வார்த்தையில திருப்பித் தர்றீங்க. சரியாப் போச்சாண்ணே? அந்த வார்த்தைக்கு முன்னாடி தெருவுல எனக்கு முப்பத்திரண்டு வாசலும் தொறந்திருந்துச்சு. அதுக்கப்பறம் எது எது தொறந்திருக்கும்னு பாத்துப் பாத்துக் காலு வைக்க வேண்டியிருக்கு. நேத்து தண்ணிக்குப் போனேன். பேசிக்கிட்டிருந்தவங்க நிறுத்திட்டாங்க."

முந்தின நாள் புழுதியில் எழுதிப் புரிந்துகொண்டதாக நினைத்தது எல்லாம் நிலத்துக்குத்தான் என்று எண்ணியிருந்தேன். சிறுத்துப்போனவளுக்கு எடுத்த அதே பங்கு போதாது என்று எனக்குத் தெரியும்தானே. தெரிந்துகொண்டே ஒரு வார்த்தைக்கு ஒரு வார்த்தை நீட்டுகிறேனே!

ஊருக்கு வந்ததும் தெருவின் முதல் வீட்டிலிருந்து ஆரம்பித்தேன். வாசலில் நின்று கூப்பிட்டு, "தங்கம்மா வரப்பத் தள்ளலை, நான்தான் கணக்குத் தப்பாப் போட்டேன்" என்று சொன்னேன். சில வீட்டில் சிரித்தார்கள். ஒரு வீட்டில் "ஒனக்கே தப்பாயிருச்சா?" என்று ரொம்ப சந்தோஷமாகக் கேட்டார்கள். முப்பது வீடு முடிந்தது, என் வீட்டையும் அவள் வீட்டையும் விட்டால் அவ்வளவுதான். சரி, தீர்ந்தது என்று நினைத்தேன்.

தீரவில்லை. அடுத்த வருஷம் வைகாசியில், மேட்டூர் அணை திறப்பதற்கு முன்னால், வடக்குவெளி வழியாகப் போனேன். தங்கம்மாள் அவளுடைய சொந்த ஏக்கரில் அண்டை வெட்டிக்கொண்டிருந்தாள். அங்கேயும் ஒரு பக்கம் துரைராசுவின் வயல்தான். கரையில் அம்சம் முக்காடு போட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள்.

"நீ இங்க என்ன பண்றே?" என்று கேட்டேன்.

"பாத்துக்கிட்டிருக்கேன். வெட்டும்போது யாராச்சும் பாத்துக்கிட்டிருக்கணுமாம். நாளைக்கி ஒருத்தரு ஒரு கேள்வி கேட்டுறக் கூடாதுல்ல" என்றாள் அம்சம்.

ஆறு வருஷம் தன்னந்தனியாக வரப்பு வெட்டியவள், பட்டாவும் பெயரும் சொந்தமாக வந்த பிறகு, சாட்சி வைத்துக்கொண்டு வெட்டுகிறாள். நான் அம்சத்தை வீட்டுக்குப் போகச் சொன்னேன். அவள் இடத்தில் உட்கார்ந்தேன்.

தங்கம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். "நீங்களா?"

"நான்தான். வெட்டு."

வரப்பு முடிகிறவரை உட்கார்ந்திருந்தேன். அடுத்த வருஷமும் போனேன், அதற்கு அடுத்த வருஷமும். அவள் கூப்பிட்டதில்லை, போகச் சொன்னதும் இல்லை. தண்ணீர் திறக்கும் தேதி பேப்பரில் வந்தால் நான் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொள்வேன். என் வீட்டில் கேலி செய்தார்கள். வேம்பு பத்தாவது முடித்தாள், திருவிடைமருதூரில் அவளுக்குக் கல்யாணம் ஆனது, துரைராசு அந்தப் பக்கத்து வயலை விற்றுவிட்டுத் தஞ்சாவூருக்கு மகன் வீட்டோடு போய்விட்டார். எப்போது அது தீரும் என்று எனக்குத் தெரியாது. இதற்குக் கயிறு அறுக்க முடியாது என்று மட்டும் தெரிந்திருந்தது.

பதினோராவது வருஷம். வெயில் காலையிலேயே கொளுத்தியது. நான் போனபோது அவள் பாதி வரப்பு வெட்டியிருந்தாள். கரையில் யாரும் இல்லை. அம்சம் இல்லை, ஐயாவு இல்லை, ஒரு மாட்டுக்காரன்கூட இல்லை. வழக்கமான இடத்தில் நான் துண்டை விரிக்கப் போனேன்.

"உக்காராதீங்கண்ணே. வெயிலு மண்டையப் பொளக்குது, ஊட்டுக்குப் போங்க. நான் வெட்டிக்கிறேன்" என்றாள் தங்கம்மாள். சொல்லிவிட்டுக் குனிந்து மண்வெட்டியைப் போட்டாள்.

நான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினேன். வழியில் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.